இருபது வாக்கியங்களும் ஒரு 'தானே'யும்
ஆங்கிலத்தில் பணிவாக மறுத்துப் பேசுவதற்கு நாம் கொடுக்கும் பயிற்றித்தாள்கள் பற்றி ஒரு விமர்சனம்



அந்தத் தாள் உங்களிடமும் இருக்கும். கைப்பேசியில் இல்லையென்றால் மேசை இழுப்பறையில் இருக்கும். ஆங்கிலப் பாடத்தில் 'பணிவாக மறுப்புத் தெரிவித்தல்' என்று வந்தவுடன் நாம் எல்லாரும் தேடி எடுக்கும் ஒரு பக்கப் பட்டியல் அது. இடப்பக்கம் உடன்பாடு, வலப்பக்கம் மறுப்பு. மறுப்புப் பக்கத்தில் 'ஐ ஸீ யுவர் பாயிண்ட், பட்…', 'ஐம் அஃப்ரெய்ட் ஐ டிஸ்அக்ரீ', 'ஐ பெக் டு டிஃபர்', 'வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்' என்று ஒரு இருபது வாக்கியங்கள். சிலவற்றில் பேச்சுக்குமிழியும் சிரிக்கிற முகமும் போட்டிருப்பார்கள். யார் முதலில் தயாரித்தது என்று தெரியாது. புலனக் குழுவில் ஒருத்தர் போட, இன்னொருத்தர் எடுத்துப் பள்ளிச் சின்னத்தை மாற்றிப் போட, சுற்றிக்கொண்டே இருக்கிறது. நானும் பல வருடம் அதைப் படியெடுத்துக் கொடுத்தவள்தான். ஆகவே இதில் குறை என்று சொல்வதெல்லாம் முதலில் என்னைச் சேரும்.

நான் யோங் பெங் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 5-க்கு ஆங்கிலம் போதிக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன், பிறகு விமர்சனத்துக்கு வருகிறேன்.

பட்டியலைக் கொடுத்து இரண்டு பாடவேளை பயிற்சி செய்தோம். பிறகு இருவர் இருவராக எழுந்து பேசச் சொன்னேன். தலைப்பு வழக்கமானதுதான்: பள்ளிக்குக் கைப்பேசி கொண்டு வரலாமா? ஒரு மாணவன் 'ஐ திங்க் ஹேண்ட்ஃபோன் இஸ் குட்' என்றான். எதிரில் நின்ற மாணவி நிமிர்ந்து நின்று, 'வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட், ஐ பெக் டு டிஃபர்' என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வகுப்பு கை தட்டியது. நானும் தட்டினேன், முழு மதிப்பெண்ணும் போட்டேன்.

அதே வாரம் வாசிப்புப் பாடத்துக்காக எங்கள் ஊரைப் பற்றி நாலு வரி ஆங்கிலத்தில் வெண்பலகையில் எழுதினேன். ஏதோ நினைப்பில் யோங் பெங் குளுவாங் மாவட்டத்தில் இருக்கிறது என்று எழுதிவிட்டேன். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதினார்கள், உரக்க வாசித்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மணி அடித்துச் சிற்றுண்டிச்சாலைக்குப் போகும் வழியில் அதே மாணவி பின்னால் வந்து மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், நம்ம ஊரு பத்து பகாட்லதானே இருக்கு?"

நான் ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டேன். ஊர் தப்பானதற்காக இல்லை. இருபது ஆங்கில வாக்கியங்களை மனனம் செய்து வைத்திருந்த பிள்ளைக்கு, உண்மையிலேயே மறுக்க வேண்டிய நேரத்தில் அதில் ஒன்றுகூட உதவவில்லை. தமிழிலோ ஒரு 'தானே' போதுமாக இருந்தது. அந்தத் 'தானே'யைக் கொஞ்சம் பாருங்கள். நீங்கள் எழுதியது தவறு என்று அவள் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொல்லி, அதற்கு என்னிடமே உறுதி கேட்கிறாள். நான் திருத்திக்கொள்ள ஒரு வழியையும் திறந்து வைக்கிறாள். அதுவும் மற்ற பிள்ளைகள் இல்லாத இடமாகப் பார்த்து. பணிவான மறுப்பில் என்னவெல்லாம் இருக்க வேண்டுமோ அத்தனையும் அந்த ஒரு வரியில் இருந்தது. இதை எந்தப் பயிற்றித்தாளும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

நம் பட்டியல்களின் முதல் குறை இங்கேதான். பிள்ளைக்கு மறுத்துப் பேசவே தெரியாது, நாம்தான் புதிதாகக் கற்றுத் தருகிறோம் என்று அவை நினைத்துக்கொள்கின்றன. பத்து வயதுத் தமிழ்ப் பிள்ளையின் பேச்சை ஒரு நாள் காது கொடுத்துக் கேளுங்கள். "நேத்து வேற மாதிரி சொன்னீங்களே டீச்சர்" என்பதில் கடைசியில் நிற்கும் அந்த ஏகாரம் ஒரு மறுப்பு. "நல்லாத்தான் இருக்கு…" என்று இழுத்தால், அடுத்து ஒரு குறை வருகிறது என்று நமக்குப் புரிந்துவிடும். "அது சரின்னு எனக்குத் தோணலை" என்பதில் 'தவறு' என்ற சொல்லே இல்லை. "நான் வேற மாதிரியில்ல நினைச்சேன்" என்று இறந்தகாலத்தில் சொல்லும்போது, இப்போதுகூட மாற்றிக்கொள்ளத் தயார் என்ற பாவனை வந்துவிடுகிறது.

இதில் கடைசி இரண்டும் ஆங்கிலத்தில் அப்படியே உண்டு. 'ஐ திங்க் இட்ஸ் ராங்' என்பதைவிட 'ஐ டோண்ட் திங்க் இட்ஸ் ரைட்' மென்மையானது. எதிர்மறையை விஷயத்தின் மேல் வைக்காமல் நம் நினைப்பின் மேல் வைக்கிறோம். 'தோணலை' செய்வதும் அதைத்தான். 'ஐ தாட் இட் வாஸ்…' என்பதும் நம் 'நினைச்சே'னும் ஒரே வேலை. ஆக, பாதி வழியை நம் பிள்ளை ஏற்கெனவே நடந்து வந்திருக்கிறது. நாம்தான் அதைத் திரும்பவும் வாசலுக்குக் கூட்டிப் போய் 'ஐ பெக் டு டிஃபர்' என்று ஆரம்பிக்கச் சொல்கிறோம்.

மீதிப் பாதிதான் கஷ்டம். ஏகாரத்துக்கும் தானேக்கும் ஆங்கிலத்தில் ஒட்டு கிடையாது. அந்த வேலையை ஆங்கிலம் 'பட்', 'ஆக்சுவலி', 'இஸின்ட் இட்' போன்ற சின்னச் சொற்களாலும் குரலின் ஏற்ற இறக்கத்தாலும் செய்கிறது. 'ஐ லைக் த ஐடியா' என்பதை இறங்கும் குரலில் சொன்னால் பாராட்டு. 'லைக்' என்ற சொல்லில் குரலை இறக்கி மறுபடி ஏற்றிவிட்டால் 'ஆனால்' வரப்போகிறது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். தாளில் இது வராது. எழுத்தில் பணிவாக இருக்கும் ஒரு வாக்கியத்தைத் தட்டையான குரலில் ஒப்பித்தால், கேட்பவர் காதில் அது அதட்டலாக விழும். இதை எந்தத் தாளாவது சொல்கிறதா? நான் பார்த்தவரை இல்லை.

நம் பிள்ளைகள் பேசும் மலேசிய ஆங்கிலத்தில் ஏகாரத்தின் இடத்தை 'லா' பிடித்துக்கொண்டது. 'நாட் ஸோ குட் லா' என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த 'லா' அலட்சியம் இல்லை. அதன் அளவில் அது ஒரு குழைவு. நாம் உடனே "லா போடாதே" என்று வெட்டுகிறோம். வெட்டிய இடத்தில் வேறு எதையும் வைப்பதில்லை. பிள்ளையிடம் மிஞ்சுவது 'நாட் ஸோ குட்', அதாவது முன்பைவிடக் கடுமையான வாக்கியம். தேர்வில் 'லா' கூடாதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டு, அந்த இடத்தில் 'ரியலி'யோ 'ஐ திங்க்'கோ வைத்துக் கொடுப்பது நம் வேலை.

இனிப் பட்டியலில் உள்ள வாக்கியங்களுக்கு வருவோம். 'வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்' என்பதில் 'ரெஸ்பெக்ட்' இருப்பதால் அது மரியாதை என்று நாம் எடுத்துக்கொண்டோம். ஆங்கிலேயர் பேச்சில் அந்தத் தொடர் வந்தால், அடுத்து அடி விழப்போகிறது என்று அர்த்தம். "தப்பா நெனைச்சுக்காதீங்க, ஆனா…" என்று நம்மூரில் ஒருவர் தொடங்கினால் நாம் என்ன எதிர்பார்ப்போம்? அதே கதைதான். 'ஐ பெக் டு டிஃபர்' மேடைப் பேச்சுக்கும் நாளிதழ்க் கடிதத்துக்கும் உரியது. சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக் வாங்கும் வரிசையில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். இரண்டையும் 'மிகவும் பணிவானவை' என்ற தலைப்பின்கீழ் போடுவது சுத்தமான தவறு.

அடுத்தது அளவு பற்றிய குழப்பம். 2017 முதல் நம் ஆங்கிலக் கலைத்திட்டம் சி.இ.எஃப்.ஆர். தரநிலையோடு இணைந்திருக்கிறது. ஆண்டு 6 முடிக்கும் பிள்ளைக்கு வைத்திருக்கும் இலக்கு ஏ2. ஐரோப்பிய மன்றம் வெளியிட்ட அந்தத் தரநிலையில், கலந்துரையாடல் பற்றிய விவரிப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஏ2-இல் பிள்ளை மற்றவரோடு உடன்படவும் மறுக்கவும் முடிந்தால் போதும். 'பணிவாக' என்ற சொல் பி1-இல்தான் வந்து சேர்கிறது. இந்த வரிசையில் ஒரு நியாயம் இருக்கிறது. முதலில் மறுக்கத் தெரியட்டும், ஏன் என்று ஒரு காரணம் சொல்லத் தெரியட்டும், மெருகு பிறகு ஏறும். நாமோ ஏ2 பிள்ளைக்கு மெருகை மட்டும் கொடுத்து, மறுப்பை விட்டுவிட்டோம். என் வகுப்பில் கை தட்டு வாங்கிய அந்த வாக்கியத்துக்குப் பின்னால் கைப்பேசியைப் பற்றி ஒரு வார்த்தையாவது இருந்ததா? இல்லையே.

பட்டியலின் பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். யோங் பெங் கடைத்தெருவில் நடந்தால் காதில் விழுவது மாண்டரின், ஹொக்சியூ, மலாய், இடையிடையே தமிழ். ஆங்கிலம் எப்போதாவதுதான். பல பிள்ளைகளுக்கு என் வகுப்பறை ஒன்றுதான் ஆங்கிலம் கேட்கும் இடம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு வாயைத் திறக்க ஒரு முழு வாக்கியம் கையில் இருந்தால் தைரியம் வரும். வெட்கப்படுகிற பிள்ளை 'ஐம் நாட் ஸோ ஷுவர்' என்ற நான்கு சொல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே பட்டியலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. இருபது எதற்கு என்றுதான் கேட்கிறேன். மூன்று போதும். அந்த மூன்றையும் எப்போது, யாரிடம், எதற்குப் பிறகு சொல்வது என்று தெரிந்தால் போதும்.

'யாரிடம்' என்றேன். இதில் நம்மில் பலர் கேள்விப்படாத ஒரு செய்தி இருக்கிறது. பணிவைப் பற்றி உலகம் முழுக்க மொழியியல் வகுப்புகளில் பாடமாக இருக்கும் நூல் பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் எழுதியது. 1978-இல் நீண்ட கட்டுரையாக வந்து, 1987-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் தனிநூலாக வெளிவந்தது. அதற்கு அவர்கள் முக்கியமாக எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால், நம் தமிழ். லெவின்சன் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி, யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று பதிவு செய்தார். அவருடைய 1977-ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வே ஒரு தமிழ்க் கிராமத்தைப் பற்றியதுதான். மறுப்பைத் தவிர்ப்பது, முதலில் ஒப்புக்கு உடன்படுவது, கருத்தை மழுப்பிச் சொல்வது என்று அந்த நூல் வகுத்த உத்திகளின் நிழலைத்தான் நம் 'ஐ ஸீ யுவர் பாயிண்ட், பட்' தாள்களில் இன்று பார்க்கிறோம். கோயம்புத்தூர்க் கிராமத்துப் பேச்சும் சேர்ந்து உருவாக்கிய ஒரு கோட்பாடு, ஆங்கிலப் பயிற்றித்தாளாக நம் கைக்குத் திரும்பி வருகிறது. நாம் அதை அந்நியச் சரக்கு என்று நினைத்து ஒப்பிக்கச் சொல்கிறோம்.

வந்த வழியில் முக்கியமான ஒன்று தொலைந்தும் போனது. எவ்வளவு பணிவு தேவை என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன என்று அவர்கள் எழுதினார்கள்: எதிரில் இருப்பவரின் அதிகாரம், அவருக்கும் நமக்கும் உள்ள தூரம், நாம் சொல்லப்போகும் விஷயத்தின் கனம். பட்டியலில் இந்த மூன்றும் இல்லை. பக்கத்து நாற்காலி நண்பனுக்கும் தலைமையாசிரியருக்கும் ஒரே வாக்கியம். தமிழில் 'நீ', 'நீங்க' என்று இரண்டு இருப்பதால் நம் பிள்ளைக்கு இந்த வேறுபாடு நாக்கிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. அப்படியென்றால் 'நீங்க'வின் மரியாதையை வாக்கியத்தின் வேறு எந்த இடத்தில் கொண்டுபோய் வைப்பது? ஆண்டு 5 பிள்ளைக்கு இந்தக் கேள்வியே சுவாரசியமாக இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

அதிகாரம் என்று வந்தபிறகு தோட்டத்தைப் பேசாமல் போக முடியாது. நம்மில் பலருடைய தாத்தா பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர்கள். அங்கே ஆங்கிலம் என்பது துரையின் மொழி. அது மேலிருந்து கீழே வரும், கிராணி வழியாக, மண்டோர் வழியாக. கீழிருந்து மேலே போனது தலையாட்டல் மட்டும்தான். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதியக் கோரிக்கையோடு சேர்த்து இன்னொன்றையும் கேட்டார்கள்: துரைக்கும் கிராணிக்கும் எதிரில் மிதிவண்டியை விட்டு இறங்காமல் ஓட்டிப் போகும் உரிமை. பேச்சுரிமையும் அந்தக் கோரிக்கைகளில் ஒன்று. ஒரு மனிதர் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டியிருந்த காலத்தில், "நீங்க சொல்றது சரின்னு தோணலைங்க" என்று வாய் திறந்து சொல்லியிருக்க முடியுமா?

"எதிர்த்துப் பேசாதே" என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறோம். மறுப்பது, எதிர்ப்பது, வாயாடுவது எல்லாம் ஒன்று என்பதுபோல. அந்தப் பயத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அந்தப் பயத்தின் மேல் 'பணிவாக மறுப்பது எப்படி' என்ற பட்டியலை ஒட்டினால், பிள்ளை 'பணிவாக' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு 'மறுப்'பை விட்டுவிடும். என் மாணவிக்கு நடந்தது அதுதான்.

அளவுக்கு மீறிய பணிவு ஆளையே கொன்றுவிடும் என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. 1990 ஜனவரி 25-ஆம் நாள், கொலம்பியாவிலிருந்து நியூயார்க் போன ஏவியான்கா 52 விமானம், மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானத்தில் காக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. துணை விமானி கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அதைச் சொல்லவும் செய்தார். ஆனால் வழக்கமான பதில்களுக்கு நடுவே, சாதாரணச் செய்திபோலச் சொன்னார். 'அவசரநிலை' என்ற சொல்லை அவர் உச்சரிக்கவே இல்லை. கட்டுப்பாட்டாளர்களுக்கு ஆபத்தின் அளவு புரியவில்லை. விமானம் விழுந்தது. அதிலிருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். ஆசிரியர்களாகிய நாம் மனதில் வைத்துக்கொள்வதற்குச் சொல்கிறேன். குழைத்துச் சொல்வதற்கு ஒரு எல்லை இருக்கிறது. அதைத் தாண்டினால் சொன்னதே கேட்காமல் போய்விடும்.

அது ஏதோ நியூயார்க் கதை என்று விட்டுவிடவும் முடியாது. ஜொகூரில் நம் பெற்றோர் பலர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். யோங் பெங்கிலிருந்து தினமும் போய் வரும் தூரம் இல்லை. வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவார்கள். அங்கே மேற்பார்வையாளரோடு பேச்சு ஆங்கிலத்தில்தான். ஒரு தந்தை என்னிடம் சொன்னார்: "டீச்சர், எங்கிட்ட இருக்கறது ரெண்டே வார்த்தை. கேன், கேனாட். கேனாட்னு சொன்னா மூஞ்சி மாறிடும். அதனால எல்லாத்துக்கும் கேன்தான்." உயரத்தில் ஏறி வேலை செய்கிறவர் அவர். பாதுகாப்பு வார் சரியில்லை என்று தெரிந்தும் ஒருமுறை 'கேன்' என்று ஏறியிருக்கிறார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது 'ஐ பெக் டு டிஃபர்' இல்லை. 'பாஸ், ஐ டோண்ட் திங்க் திஸ் பெல்ட் இஸ் சேஃப். கேன் வீ செக் ஃபர்ஸ்ட்?' என்ற இரண்டு வரிதான். நினைப்பின் மேல் வைத்த எதிர்மறை, ஒரு காரணம், கேள்வியாக ஒரு வழி. அவர் மகன் என் வகுப்பில்தான் இருக்கிறான்.

இடைநிலைப்பள்ளிக்குப் போனபிறகு இது தேர்வாகவும் வந்து நிற்கிறது. 2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் பேச்சுக்கென்று தனித்தாள் இருக்கிறது. இருவரை ஒன்றாக உட்கார வைக்கிறார்கள். கடைசிப் பகுதி இருவரும் சேர்ந்து பேசும் கலந்துரையாடல். ஒருவர் சொன்னதை மற்றவர் எடுத்துக்கொண்டு பேச்சை நகர்த்த வேண்டும். பல பிள்ளைகள் அங்கே இரண்டு தனிச் சொற்பொழிவு ஆற்றிவிட்டு வருகிறார்கள் என்று படிவம் 5-க்குப் போதிக்கும் தோழி ஒருத்தி வருத்தப்பட்டாள். நடுவில் ஒட்டு போட 'ஐ அக்ரீ வித் யூ, ஹவெவர்' என்று ஒன்று. 'ஐ அக்ரீ'யும் 'ஹவெவரு'ம் ஒரே மூச்சில்! எதை ஏற்கிறான், எதை மறுக்கிறான் என்று கடவுளுக்கே வெளிச்சம்.

நாம் பெருமையாக நடத்தும் பட்டிமன்றத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம். சிலருக்குக் கோபம் வரலாம். பட்டிமன்ற மேடையில் நம் பிள்ளைகள் "நடுவர் அவர்களே" என்று எவ்வளவு அழகாகப் பேசுகிறார்கள்! ஆனால் அந்த மரியாதையெல்லாம் நடுவருக்கு. எதிரணிக்குக் கேலிதான் மிச்சம். கேட்கிற நாமும் கேலிக்குத்தான் கை தட்டுகிறோம். மேடையில் ஜெயிக்க வேண்டும், ஆகவே எதிராளி சொன்னதில் ஒரு துளியும் நியாயம் இருக்கக் கூடாது. கலந்துரையாடலில் இருவரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும். இது வேறு விளையாட்டு. பட்டிமன்றத்தில் பரிசு வாங்கிய பிள்ளை ஆங்கிலக் கலந்துரையாடலில் தோழியின் வாயை அடைத்துவிட்டு வெற்றிச் சிரிப்போடு உட்கார்ந்ததை நான் கண்டிருக்கிறேன். தோழிக்கு அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை. அவளுக்கும் மதிப்பெண் போனது, இவளுக்கும் போனது.

இன்னொரு பெரிய ஓட்டை: நம்மை ஒருவர் மறுத்தால் என்ன செய்வது? இதற்கு எந்தப் பட்டியலிலும் ஒரு வரி கிடையாது. எல்லா வாக்கியமும் மறுக்கிறவருக்கே. மறுக்கப்பட்ட பிள்ளை முகம் சுருங்கி நிற்கிறது, அல்லது முன்பு சொன்னதையே இன்னும் சத்தமாகச் சொல்கிறது. 'ஓ, ஐ டிட்ன்ட் திங்க் ஆஃப் தட்', 'மேபி யூ ஆர் ரைட்', 'ஸ்டில், ஐ திங்க்…' என்று மூன்று வாக்கியம் அந்தப் பக்கத்துக்கும் வேண்டாமா?

இலக்கணத்தில் ஒன்றே ஒன்று. 'ஐ ஆம் நாட் அக்ரீ' என்று நம் பிள்ளைகள் சொல்வது சோம்பலால் இல்லை. மலாயில் 'திடாக் செதுஜு' என்பதும் தமிழில் 'உடன்பாடு இல்லை' என்பதும் தலைக்குள் இருக்க, அந்த வார்ப்பில் ஆங்கிலத்தை ஊற்றுகிறார்கள். என் மாணவன் ஒருவன் 'ஐ லெஸ் அக்ரீ' என்றான். சிரித்தேன். பிறகுதான் உறைத்தது, 'கூராங் செதுஜு' என்ற நாகரிகமான மலாய்த் தொடரை அவன் ஆங்கிலத்துக்குக் கொண்டுவரப் பார்த்திருக்கிறான். முழுதாக மறுக்காமல் 'குறைவாக உடன்படுகிறேன்' என்பது எவ்வளவு நயமானது! 'ஐ டோண்ட் குவைட் அக்ரீ' என்று கொடுத்தேன், பிடித்துக்கொண்டான்.

இப்போது நான் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய உத்தி ஒன்றும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் வெண்பலகையில் வேண்டுமென்றே ஒரு தவறு எழுதுவேன். எந்த நாள் என்று சொல்ல மாட்டேன். கண்டுபிடித்து ஆங்கிலத்தில் எனக்குச் சொல்ல வேண்டும். முதல் வாரம் மயான அமைதி. இரண்டாவது வாரம் 'ரோங், டீச்சர், ரோங்!' என்று கூச்சல். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். அப்போதுதான் அந்தத் 'தானே' வாக்கியத்தைப் பலகையில் தமிழிலேயே எழுதினேன். இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டேன். அரைமணி நேரம் ஆனது. 'பட் டீச்சர், ஐ தாட் யோங் பெங் வாஸ் இன் பத்து பகாட்' என்பதில் வந்து நின்றோம். 'பட் ஐ தாட்' வகுப்பின் சொத்தாகிவிட்டது. தலைப்புகளையும் மாற்றினேன். கைப்பேசி வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் இல்லை. சுற்றுலாவுக்கு மலாக்காவா ஜொகூர் பாருவா, வகுப்பில் யார் எங்கே உட்காருவது. முடிவு எடுத்தால் அது உண்மையிலேயே நடக்கும். பிள்ளைகளுக்கு அப்போதுதான் மறுக்க ஏதாவது இருக்கிறது.

பக்க விளைவும் உண்டு. "வீட்ல எதைச் சொன்னாலும் 'பட் ஐ தாட்'ங்கிறான் டீச்சர்" என்று ஒரு தாயார் வந்தார். கோபமா சிரிப்பா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பிள்ளைகள் வாயாடிகளாகிவிடுவார்கள் என்று சக ஆசிரியர் ஒருவர் எச்சரித்தார். நான் அவரை மறுத்து ஒன்றும் பேசவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வகுப்பில் இவ்வளவு போதிக்கிறவள் ஆசிரியர் அறையில் அப்படித்தான் இருக்கிறேன்.

சென்ற மாதம் விலங்குகள் பாடம். சிலந்தி பூச்சி இனம் அல்ல என்று பலகையில் எழுதினேன். அது தவறு வைக்கும் நாள் இல்லை. அதே மாணவி கை தூக்கினாள். எல்லார் முன்னாலும். 'பட் டீச்சர், ஐ தாட் ஸ்பைடர் வாஸ் அன் இன்ஸெக்ட்.' பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு என்று படம் வரைந்து காட்டினேன். எண்ணிப் பார்த்தாள். 'ஓ. ஐ டிட்ன்ட் நோ தட்' என்று உட்கார்ந்தாள். முகம் சுருங்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன், 'டென் ஹவ் அபௌட் ஸ்கார்பியன், டீச்சர்?' என்றான். தேளின் படத்தைத் தேடி எடுத்துக் கால்களை எண்ணத் தொடங்கினோம். முன்னால் இருக்கும் கொடுக்கையும் காலாக எண்ண வேண்டுமா கூடாதா என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.